வடநெம்மேலியும் சம்பல் ஆறும்



கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், இரவு வேளையில் தலைவியைக் காண வரும் தலைவனுக்கு வழியில் நேரக்கூடிய இடர்களைத் தோழி அடுக்கிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. புலி, யாளி, கரடி, களிறு, பாம்பு என்று நிலத்து அச்சங்களையெல்லாம் சொல்லி வருபவள், நீரைப் பற்றிச் சொல்லும்போது முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறாள். இன்றைய விலங்கியலாரும் இந்திய நாட்டில் முதலையினம் மூன்று என்றே கூறுவர். ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் முதலை ஒன்று. கழிமுகங்களில் வாழும் பேருருவான உவர்நீர் முதலை மற்றொன்று. வட நாட்டு ஆறுகளில் மீனையே உணவாகக் கொண்டு வாழும், நீண்டு மெலிந்த வாயையுடைய கங்கை முதலை மூன்றாவது. கபிலரின் மூன்றும் இந்த மூன்றுமே என்று கூறிவிட ஆசை எழும். ஆயினும் கங்கை முதலை தமிழகத்து ஆறுகளில் வாழ்ந்த விலங்கன்று. ஆதலின் அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே முறை. நீரில் வாழும் ஒரே வகை விலங்கினுள் வேறுபாடு கண்டு பெயரிட்ட கூர்மையை மட்டும் நாம் போற்றலாம்.

முதலை நம் இலக்கியத்தில் எங்கு வந்தாலும் வலிமையின் உருவாகவே வருகிறது. இடனறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அதனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். கசேந்திரனாகிய யானையின் காலைப் பற்றியதும், அவிநாசியில் சிறுவனை விழுங்கிச் சுந்தரரின் பாட்டுக்கு இணங்கி மீள உமிழ்ந்ததும் முதலைகளே. அதனிடமிருந்து மனிதனைக் காப்பது எவ்வாறு என்பதே பன்னெடுங்காலமாக நம் கவலையாக இருந்தது. மனிதனிடமிருந்து அதனைக் காக்க வேண்டிய நாள் ஒன்று வரும் என்று எவரும் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

அந்த நாள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. கைப்பைக்கும் காலணிக்கும் இடுப்பு வாருக்கும் முதலைத்தோல் அயல்நாடுகளில் பெருவிலை பெற்றது. துப்பாக்கியும் மின்கை விளக்கும் வேட்டைக்காரரின் கைக்கு வந்தன. இரவில் விளக்கொளி பட்டால் முதலையின் கண் தணல்போல் மின்னும். அதனைக் குறிபார்ப்பது எளிது. மீன் வலைகளில் சிக்கி மூழ்கி இறந்தவை பல. அணைகள் எழுந்தபோது முட்டையிடும் மணற்கரைகள் நீருள் மறைந்தன. 1970ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் மூவகை முதலைகளும் அருகிப்போயின.

1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் உருவாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. 1976இல் இந்தியா அதில் சேர்ந்தது. இதனிடையே, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை நிறுவனம் ஆகியவற்றின் வாயிலாக டாக்டர் பஸ்டார்டு என்னும் அறிஞர் இந்தியா வந்து ஆறுகளை ஆராய்ந்தார். 1975இல் இந்திய அரசின் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. அதன் வழிமுறை மிக எளியது. இயற்கையில் நூறு முட்டைகள் இடப்பட்டால், உடும்பும் நரியும் பறவையும் மீனும் தின்றது போக வளர்ந்து பெரிதாகுபவை மிகச் சிலவே. ஆகவே ஆற்றங்கரை முட்டைகளை எடுத்துவந்து காப்பிடத்தில் பொரிக்கச் செய்து, குட்டிகள் ஏறத்தாழ நான்கடி நீளம் வளரும்வரை பேணிப் பின்னர் ஆற்றிலேயே விடுவது. நாற்றங்காலில் வளர்த்து வயலில் நடுவதை அறிந்த நம் உழவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. நம் மாநிலத்தில் அமராவதி, சாத்தனூர் அணைகளை ஒட்டி அரசு அமைத்த முதலைப் பண்ணைகள் இந்த முயற்சியைச் சேர்ந்தவையே.

அதே காலத்தில், 1976ஆம் ஆண்டில், நம் செங்கல்பட்டுச் சீமையின் கடற்கரையில், மாமல்லபுரத்திற்கு வடக்கே உள்ள வடநெம்மேலியில் ஒரு பண்ணை தோன்றியது. அதனை நிறுவியவர் ரோமுலஸ் விட்டேக்கர். அமெரிக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியா வந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். கிண்டிப் பாம்புப் பண்ணையை ஏற்படுத்தியவரும் அவரே. அவருடைய துணைவியார் சாய் விட்டேக்கரும் நண்பர்களும் உடன் நின்றனர். பணத்தைச் சேமிப்பதுபோல் முதலையைச் சேமித்து வைத்து, தேவைப்படும் ஆறுகளுக்கு வழங்குவது என்பது அவர்களின் கருத்து. ஆதலால் ஆங்கிலத்தில் அதற்கு வங்கி என்றே பெயரிட்டனர். நம் மக்களோ முதலைப் பண்ணை என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

நான் பணியாற்றிய காலத்தில் மாணவர்களைச் சுற்றுலாவாக மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்லும்போது வழியில் இங்கும் இறங்குவது வழக்கம். அருச்சுனன் தபசு என்று வழங்கும் பாறையின் முன் கால்மணி நேரம் நிற்கமாட்டாத பிள்ளைகள், இங்கே ஒரு மணி நேரம் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பார்கள். அசையாமல் கிடக்கும் முதலையைக் கண்டு, உயிர் இருக்கிறதா என்று ஒரு பிள்ளையாவது கேட்காமல் இராது. அதை அறிவதற்குக் கல்லெடுத்து எறியும் பெரியவர்களையும் கண்டிருக்கிறேன். பிள்ளைகளைத் தடுக்கலாம், உடன் வந்த தந்தையாரை எப்படித் தடுப்பது?

அந்தச் சுவருக்கு உட்புறத்தில் நடந்த ஆராய்ச்சிகளைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெண் முதலை ஆண்டின் தொடக்க மாதங்களில், இரவு நேரத்தில், கரை மணலில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடுகிறது. கோழியைப்போல் அது அடைகாப்பதில்லை. மணலின் வெம்மையே முட்டையைப் பொரிக்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும். இங்குள்ள நன்னீர் முதலைகள் பல ஒரே ஆண்டில் இரண்டு முறை முட்டையிட்டன என்பது உலக ஆராய்ச்சியாளரை வியக்கவைத்த செய்தி.

அதனினும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. மனிதரிலும் கோழியிலும் குட்டி ஆணா பெண்ணா என்பது கருவுறும்போதே முடிவாகிவிடுகிறது. முதலையில் அப்படியன்று. முட்டை கிடக்கும் மணலின் வெப்பநிலை அதனை முடிவு செய்கிறது. அமெரிக்க அறிஞர் ஜெப்ரி லாங், இப்பண்ணையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகிய மூவரும் ஆய்ந்து 1989இல் இதன் கணக்கை வெளியிட்டனர். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை மாறாத வெப்பத்தில் வைத்த நன்னீர் முதலை முட்டைகள் அனைத்திலிருந்தும் பெண் குட்டிகளே வெளிவந்தன. 32.5 டிகிரியில் வைத்தவை அனைத்தும் ஆண். இடைப்பட்ட 31.5, 32 டிகிரிகளிலும், அதற்கு மேல் 33 டிகிரியிலும் இருபாலும் கலந்து பிறந்தன. ஒன்றரை டிகிரி என்பது எவ்வளவு? காலை பத்து மணி வெயிலுக்கும் பதினொரு மணி வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டினும் குறைவு. அவ்வளவு சிறிய வேறுபாடு ஒரு குழியிலுள்ள முட்டைகள் எல்லாவற்றின் பாலையும் மாற்றிவிடுகிறது. குழியின் ஆழம், மேலே விழும் மர நிழல், இடையில் பெய்யும் ஒரு கோடைமழை ஆகிய எல்லாம் இங்கே கணக்கில் வருகின்றன. உலகம் வெப்பமடைந்து வருகிறது என்று நாள்தோறும் கேட்கிறீர்கள். கரையோரத்து மரங்களை வெட்டுவதும் ஆற்று மணலை அள்ளுவதும் முதலையின் கூட்டுக்குள் என்ன செய்யும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதனைத் தங்கள் ஏட்டில் குறித்துக்கொண்டால் நன்று. தேர்வில் வராவிட்டாலும் குற்றமில்லை.

பொரிக்கும் காலம் நெருங்கியதும் முட்டைக்குள்ளிருந்தே குட்டிகள் குரல் கொடுக்கின்றன. அதைக் கேட்டுத் தாய் வந்து மணலைத் தோண்டி, குட்டிகளை வாயில் எடுத்துக்கொண்டு நீருக்குச் செல்கிறது. யானையின் காலைப் பற்றியதாக நாம் கேட்ட அதே வாய், விரல்நீளப் பற்களுக்கிடையே ஒரு சாண் குட்டியை நோகாமல் ஏந்துகிறது. தாய் மட்டுமன்று, தந்தை முதலையும் கூட்டைத் திறந்து குட்டிகளை வாயில் ஏந்திச் சென்றதை இப்பண்ணையில் கண்டு 1986இல் எழுதினார்கள். முதலையில் ஆணும் பிள்ளை வளர்க்கும் என்பதற்கு நம் கடற்கரை சான்றாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்ணையின் குட்டைகளுக்கு மேலுள்ள மரங்களில் கொக்குகள் கூடு கட்டும். கூடு கட்டச் சுள்ளி வேண்டும். அந்தப் பருவத்தில் முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி அசையாமல் மிதந்ததையும், சுள்ளியை எடுக்க வந்த கொக்கைப் பிடிக்க முயன்றதையும் கண்டு, அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதலை சுள்ளியைத் தூண்டிலாகப் பயன்படுத்துகிறது என்பது அவர்கள் முடிவு. பின்னர் அமெரிக்காவில் அங்குள்ள முதலையினத்தை வைத்துச் சோதித்த வேறு சிலர், அம்முடிவை ஐயுற்று எழுதினர். தற்செயலாகச் சுள்ளி ஒட்டியிருக்கலாம் அன்றோ? வழக்கு இன்னும் முடியவில்லை. ஒருவர் கண்டதை மற்றொருவர் சோதிக்கும் இந்த வழக்காடல்தான் ஆராய்ச்சியின் உயிர்நாடி.

பண்ணை ஆயிரக்கணக்கில் முதலைகளை இனப்பெருக்கியது. பல மாநில வனத்துறைகளுக்கும் அவற்றை வழங்கியது. பின்னர் எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்தது. முதலை பெருகிற்று, ஆறு பெருகவில்லை. எந்த ஆற்றில் விட்டாலும் கரையில் ஊர் இருந்தது, துறையில் துவைப்பவர்கள் இருந்தார்கள், ஆடு மாடுகள் நீர் குடிக்க வந்தன. 1990களில் நன்னீர் முதலைகளை ஆறுகளில் விடுவது நின்றுவிட்டது. அதன்பின் வடநெம்மேலியில் முட்டைகள் பொரிக்காமல் பார்த்துக்கொள்வதே வேலையாயிற்று. சிதம்பரத்தை அடுத்த கொள்ளிடக்கரை ஊர்களில் முதலை கடித்துக் காயமுற்றோரும் உயிரிழந்தோரும் உண்டு. அவ்வூர் மக்களிடம் சென்று முதலையின் பெருமையைச் சென்னையிலிருந்து போகும் ஒருவர் எடுத்துரைத்தால் அவர்கள் என்ன மறுமொழி கூறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை குளிக்கவும் துவைக்கவும் வேலியிட்ட துறை. ஆற்றில் இறங்காமல் வீட்டிற்கு வரும் குடிநீர்க்குழாய். இவற்றைச் செய்து கொடுப்பதும் முதலைப் பாதுகாப்பே என்பது என் கருத்து.

பண்ணையின் வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் அமைந்தது. செங்கல்பட்டுப் பகுதியின் இருளர்கள் பாம்பின் தடத்தைப் புல்லின் வளைவிலும் மண்ணின் கீறலிலும் படிப்பவர்கள். தோலுக்காகப் பாம்பு பிடிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டபோது அவர்களின் பிழைப்பு போயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுவது என்று சங்கம் ஏற்பாடு செய்தது. அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து செய்யப்படுகிறது. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இந்த மக்களுக்கு உயிர்க்கடன் பட்டவை.

இவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். அங்கே சதுப்பு நிலங்களில், வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிப்போன பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்நாட்டின் முயல், மான் முதலிய விலங்குகளை விழுங்கி வந்தன. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எவ்வளவோ முயன்றும் புதரில் கிடக்கும் பாம்பைக் காண்பது அரிதாக இருந்தது. நம்மவர் இருவரும் வந்த இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று பதினாறடி நீளமுள்ள பெண் பாம்பு. பள்ளிச் சான்றிதழ் கேட்டிருந்தால் இவ்விருவரையும் எந்தப் பல்கலைக்கழகமும் வாயிலில் விட்டிராது. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. பன்னாட்டு ஆராய்ச்சி என்றால் அயல்நாட்டார் வந்து நமக்குக் கற்பிப்பது என்று எண்ணுவோர், இந்தச் செய்தியையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனிச் சம்பல் ஆற்றுக்கு வருவோம். மூவகை முதலையிலும் இன்று மிகவும் இடருற்றிருப்பது கங்கை முதலையே. முதிர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சிறு பானைபோல் ஒரு புடைப்பு இருக்கும். அதனால் வட நாட்டார் பானையைக் குறிக்கும் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். 1970களில் அது முற்றும் அழியும் நிலையில் இருந்தது. ஒரிசாவின் நந்தன்கானன் விலங்குப் பூங்காவில் அதனை இனப்பெருக்கம் செய்ய முயன்றபோது தக்க ஆண் கிடைக்காமல், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர விலங்குப் பூங்காவிலிருந்து ஓர் ஆணை வரவழைத்தனர். கங்கையின் பிள்ளை ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் தாயகம் திரும்பியதை என்னென்பது! 1980இல் அங்கே குட்டிகள் பிறந்தன. இராசத்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லையில் ஓடும் சம்பல் ஆறு காப்பகமாக்கப்பட்டது. ஆண்டுதோறும் குட்டிகள் விடப்பட்டன. வேலை முடிந்தது என்று பலரும் நிம்மதி அடைந்தனர்.

முடியவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2007இல் கணக்கெடுத்தபோது, இனப்பெருக்கம் செய்யத்தக்க முதலைகள் 200க்கும் குறைவு என்று கண்டு, மிக இடருற்ற இனம் என்று அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் எட்டாவா நகரையொட்டிய சம்பல் கரையில் கங்கை முதலைகள் இறந்து ஒதுங்கத் தொடங்கின. சில மாதங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவை மாண்டன. பல நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் விரைந்து வந்தனர். இசத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உடல்களை ஆராய்ந்தது. சிறுநீரகம் பழுதுற்று, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்திருந்தது. மனிதருக்கு வரும் கீல்வாத நோயைப் போன்றது. யமுனையின் கழிவில் வளர்ந்த மீன்களைத் தின்றதால் நஞ்சேறியிருக்கலாம் என்று ஐயுற்றனர். நஞ்சு இன்னதென்று கையும் களவுமாகப் பிடிபடவில்லை. குளிர்காலத்தில் அது தொடங்கியது. கோடை வந்ததும் நின்றது.

இந்தத் துயரத்தை அடுத்து, வடநெம்மேலியை நிலைக்களமாகக் கொண்ட ஒரு கூட்டமைப்பின் சார்பில், முட்டை ஆராய்ச்சி செய்த அதே ஜெப்ரி லாங் சம்பலில் நீண்டகால ஆய்வைத் தொடங்கினார். முதலைகளின் வாலில் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி, அவை எங்கே செல்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஓரிடத்தில் கிடக்கும் சோம்பேறி என்று கருதப்பட்ட விலங்கு, பருவந்தோறும் நெடுந்தொலைவு ஆற்றில் பயணம் செய்வது புலனாயிற்று. ஆற்றின் ஒரு துண்டை மட்டும் காத்தால் போதாது என்பது இதனால் விளங்குகிறது.

அதே சம்பல் மணற்கரையில் நீர்நாய்களும் வளை தோண்டி வாழ்கின்றன. ஐங்குறுநூற்றின் மருதப் பாட்டில் வாளைமீனைத் தன் அன்றைய உணவாகப் பெறும் அந்த நீர்நாய்தான். அதன் தோலுக்கும், செல்லப் பிராணியாக வளர்ப்பதற்கும் அயல்நாடுகளில் வேட்கை பெருகியதால், இந்தியா முதலிய நாடுகள் முன்மொழிய, 2019இல் ஜெனிவாவில் கூடிய மாநாடு நம் நாட்டு நீர்நாய் வகைகள் இரண்டின் பன்னாட்டு வாணிகத்தைத் தடை செய்தது. முதலைத் தோலுக்கு 1970களில் செய்த அதே வேலை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நீர்நாய்க்கு.

கங்கை முதலை மார்ச்சுக் கடைசியிலும் ஏப்பிரலிலும் முட்டையிடும். பல தாய்கள் ஒரே மணல்மேட்டில் அடுத்தடுத்துக் குழி பறிக்கும். மழைக்குச் சற்று முன்னர் எல்லாக் குழிகளும் பொரித்து, நூற்றுக்கணக்கான குட்டிகள் ஒரே திரளாக நீரோரம் கூடும். பானைமூக்குப் பேராண் ஒன்று அவற்றின் நடுவே கிடந்து காவல் காக்கும். குட்டிகள் அதன் முதுகில் ஏறி வெயில் காயும். பிறகு சூலையில் வெள்ளம் வரும். செந்நிறமாய்ப் பொங்கிவரும் அந்த நீர் குட்டிகளுள் பெரும்பகுதியை அடித்துச் சென்றுவிடும். வெள்ளம் வடிந்தபின், எஞ்சியவை எத்தனை என்று எண்ணுவதற்காக, குளிர்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் படகில் ஏறி ஆற்றின் நெடுகிலும் செல்கிறார்கள்.